பழைய டிரைவரை பிளாக்லிஸ்டில் போட்ட நாள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தம்பிமார், தங்கச்சிமார் எல்லோருக்கும் முதலில் ஒரு வேண்டுகோள். வேண்டுகோள் என்பது மரியாதைக்குச் சொன்னது, நீங்கள் கட்டளை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். என் காதுபட ஒருவரும் 'பிளாக்லிஸ்ட் பண்ணிற்றன்' என்று சிரித்துக்கொண்டு சொல்லாதீர்கள்.

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னை விருந்தாளியாகக் கூப்பிட்டு, மாலை போட்டு, முன்கதிரையில் இருத்தினீர்கள். அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையில் ஒருவருடைய லினக்ஸ் மடிக்கணினியில் வயர்லெஸ் பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர், "பழைய டிரைவரை பிளாக்லிஸ்டில போட்டுத் தள்ளு மச்சான்" என்றார். நான் எழும்பிக் கத்தினேன். 'மிஸ்ஸுக்கு பிரஷர் கூடிற்று' என்று யாரோ மெதுவாகச் சொன்னதும் எனக்குக் கேட்டது. பிரஷர் இருக்கிறதுதான். ஆனால் அன்றைய சத்தத்துக்குக் காரணம் அதுவல்ல. அந்தப் பிள்ளை சொன்ன வைத்தியம் சரியானது என்றும் எனக்குத் தெரியும். அதே வைத்தியத்தை அதே சொற்களில் நானும் ஒருநாள் சொன்னேன். அதற்கு என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுப் பிறகு சிரியுங்கள்.

சுனாமிக்கு முன்பு நான் கல்லடியில் ஒரு தட்டச்சு நிலையத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கடல் அந்தக் கட்டடத்தை அள்ளிக்கொண்டு போனபிறகு ஒரு நிவாரண நிறுவனத்தின் மட்டக்களப்பு அலுவலகத்தில் கணினி பார்க்கிற வேலை கிடைத்தது. 'மிஸ்' என்ற பெயர் மட்டும் பழைய வேலையிலிருந்து கூடவே வந்தது.

அந்த மாதங்களில் உலகம் எங்களுக்கு அனுப்பிய சாமான்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு வாய் நிற்காது. மாசி மாத வெயிலில் கம்பளிச் சட்டை வந்தது. யாருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய மருந்து வந்தது. எனக்கென்று வந்தவை வயர்லெஸ் கார்டுகள், ஒரு பெட்டி நிறைய. மடிக்கணினியின் பக்கவாட்டில் செருகுகிற மெல்லிய தகடுகள் அவை. எங்கள் கணினிகளில் லினக்ஸ் ஓடியது. உரிமத்துக்குக் காசு கட்டத் தேவையில்லை என்பதால் கொழும்பு அலுவலகமே அப்படிச் செய்யச் சொல்லியிருந்தது. ஆனால் கார்டு செய்த கம்பனிக்காரன், கார்டை ஓட்டுகிற மென்பொருளை, அதாவது டிரைவரை, வேறொரு சிஸ்டத்துக்கு மட்டும்தான் எழுதிக் கொடுத்திருந்தான். லினக்ஸ்காரருக்கு டிரைவரும் இல்லை, நாங்களே எழுதிக்கொள்வதற்கு விவரமும் இல்லை. வீட்டைத் தானமாகக் கொடுத்துவிட்டுத் திறப்பைத் தானே வைத்துக்கொள்கிறவனை எங்கள் ஊரில் என்னவென்று ஏசுவார்களோ, அதையெல்லாம் நான் அவனை ஏசியிருக்கிறேன்.

அதைவிட மோசம் இன்னொன்று. ஒரே பெட்டி, ஒரே படம், ஒரே மொடல் இலக்கம் கொண்ட இரண்டு கார்டுகளில் ஒன்று உடனே வேலை செய்யும், மற்றது அசையாது. எங்கள் நிர்வாகி இரண்டு பெட்டிகளையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரெண்டும் ஒண்ணுதானே மிஸ், உங்களுக்குத்தான் தெரியல்ல போல" என்றார். கொழும்பிலிருந்து வந்தவர் அவர். இரண்டு பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அளவுக்குத் தொழில்நுட்பம் தெரிந்தவர்.

என்னைக் காப்பாற்றியவருக்குப் பெயர் கிடையாது. இணையத்தில் லினக்ஸ் உதவிக் குழு ஒன்றில் இருந்த யாரோ ஒருவர். ஆணா பெண்ணா, எந்த நாடு என்றுகூட எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பெட்டியில் இருந்த இலக்கத்தையெல்லாம் எழுதி அழாக்குறையாகக் கேட்டபோது அவர் எழுதிய பதிலின் சாரம் இதுதான்: பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குச் சொல்லாதே, உள்ளே இருப்பதைக் கேட்டுச் சொல். கேட்கிற கட்டளையையும் தந்திருந்தார். கேட்டேன். ஒரே பெட்டிக்குள் இரண்டு வெவ்வேறு சிப்புகள்! கம்பனிக்காரன் இடையில் மலிவான சிப்புக்கு மாறிவிட்டு, பெட்டியை மாற்றச் சோம்பல்பட்டிருக்கிறான். நிர்வாகியிடம் காட்டினேன். "ஓ, அப்படியா" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். மன்னிப்பு கேட்பது அவருடைய கடமைகளில் இல்லை.

சரி, அது சின்னக் கோபம். பெரியது இனித்தான் வருகிறது.

சுனாமி வேலை முடியும் முன்பே சண்டை திரும்ப வந்துவிட்டது. வாகரைப் பக்கமிருந்து சனங்கள் காடு வழியாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள். வாழைச்சேனைக்குக் கிட்ட ஒரு முகாமின் வாசலில் எங்களுக்குச் சிறிய கள அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கே கணினி பார்த்தவள் ஓட்டமாவடிப் பிள்ளை பர்ஸானா. முகாமுக்குள் பதிவு செய்கிற கொட்டிலில் இருந்த மடிக்கணினி, தெருவுக்கு இந்தப் பக்கம் இருந்த அலுவலகத்தோடு நான் சொன்ன வயர்லெஸ் கார்டின் வழியாகத்தான் பேசும். அது படுத்துவிட்டால் அன்றைக்குப் புதிதாக வந்தவர்களுக்குத் தண்ணீர் பவுசர் வண்டி போதுமா, குழந்தைகளுக்குப் பால்மா எவ்வளவு அனுப்புவது என்று டவுனில் இருக்கிற எங்களுக்குத் தெரியாது.

எங்கள் வாகனங்கள் இரண்டு, ஓட்டுகிறவர்கள் இருவர். தம்பிராசா அண்ணன் சித்தாண்டிக்காரர், சுனாமிக்கு முன்பிருந்தே இருப்பவர். நொயல் டச்பார் என்ற கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்த பறங்கி இனப் பொடியன். சுனாமியில் வீடும் மீன்பிடி எஞ்சினும் போன பிறகு ஸ்டியரிங் பிடிக்க வந்தவன். அலுவலகத்தில் இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. ஒருவர் பழைய டிரைவர், மற்றவர் புது டிரைவர். இப்போதே உங்களில் சிலருக்கு விளங்கியிருக்கும். எனக்கு அன்று விளங்கவில்லை.

ஒருநாள் காலை பர்ஸானாவின் கார்டு படுத்தது. கைத்தொலைபேசிக்கு அன்று அலை இல்லை. ஏதாவது நடவடிக்கை நடக்கிற நாட்களில் அலையை நிறுத்திவிடுவார்கள். எஞ்சியது எங்கள் ரேடியோ செட். பாதுகாப்பு அமைச்சின் அனுமதியோடு அலுவலகங்களிலும் வாகனங்களிலும் பொருத்தியிருந்தோம். ஒருவர் பேசினால் எல்லா வாகனத்திலும் கேட்கும். வாகனத்தில் மட்டுமா கேட்டது? யார் யாரெல்லாம் அந்த அலையில் காது வைத்திருந்தார்கள் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

பர்ஸானாவின் கணினியில் நடந்தது இதுதான். சிஸ்டத்தோடு வந்த பழைய டிரைவர் அடிக்கடி தொடர்பை விட்டுவிடுகிறது என்று, நான் வேறொரு டிரைவரைக் குறுந்தட்டில் போட்டு அனுப்பியிருந்தேன். பழையது கார்டை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நின்றது. அதன் பெயரை 'ஏற்றாதே' என்கிற பட்டியலில், அதாவது பிளாக்லிஸ்டில், எழுதிவைத்தால்தான் கணினி அதை விடும். நாங்கள் பேசியதை அப்படியே சொல்கிறேன், அந்த ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் பாடம்.

"பழைய டிரைவர் இன்னும் உள்ளுக்கையா நிக்குது? ஓவர்."

"ஓம் அக்கா, நிக்குது. ஓவர்."

"அதைத் தூக்கி வெளிய போடுங்க. ஓவர்."

"போட்டேன். திரும்பவும் வந்து நிக்குது அக்கா. ஓவர்."

"அப்ப சும்மா எடுத்துச் சரிவராது. பிளாக்லிஸ்டில போட்டுத்தான் முடிக்கணும். பேரைச் சரியா எழுதுங்க, ஒரு எழுத்தும் பிழைக்கப்படாது. மறுகா புது டிரைவரை ஏத்துங்க. ஓவர்."

கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு பர்ஸானாவின் சந்தோஷமான குரல். "போட்டாச்சு அக்கா. ஓவர்."

"நல்லம். இனி அது எழும்பாது. ஓவர் அண்ட் அவுட்."

கார்டு வேலை செய்தது. நான் பிளேன்டீ குடிக்கப் போனேன்.

'அது' என்று சொன்னாயே, மனிதனை யாரும் 'அது' என்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் எந்த ஊர்? எங்கள் வீடுகளில் புருசனையே 'அது இன்னும் சாப்பிடல்ல' என்றுதானே சொல்கிறோம்! நெருங்கினவரும் அதுதான், வேண்டாதவரும் அதுதான்.

மதியம் ஒரு பொலிஸ்காரர் எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார். நாலாம் இலக்க வாகனம் சித்தாண்டிக் கோயிலடியில் தெரு ஓரமாக நிற்கிறது, திறப்பு உள்ளே இருக்கிறது, டிரைவரைக் காணவில்லை, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். நாலாம் இலக்கம் தம்பிராசா அண்ணனின் வண்டி. காலையில் வாழைச்சேனையில் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்.

முதலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நொயல்தான் வெளிறிய முகத்தோடு என் மேசைக்கு வந்தான். "மிஸ், காலமை ரேடியோவில ஆரை லிஸ்டில போடச் சொன்ன நீங்க? பழைய டிரைவரைப் போட்டுற்றுப் புது டிரைவரை ஏத்தச் சொன்னீங்களே. நான் ஏறமாட்டன் மிஸ். ஒரு மனிசன்ட உசிருக்கு மேல ஏறி எனக்கு வேலை வேணாம்" என்றான். 

இளையவர்களே, உங்களுக்குப் பட்டியல் என்றால் திருமணத்துக்குச் சொல்லுகிறவர்களின் பட்டியல். அந்த நாளில் எங்கள் பக்கம் பட்டியல் போடுகிறவர்கள் ஒரு தரப்பு இல்லை. யார் போட்டது என்று தெரிவதற்கு முன்பே, ஆளைச் சுட வந்த மோட்டார்சைக்கிள் வாசலில் நிற்கும். தம்பிராசா அண்ணனுக்கு அது வெறும் கேள்விப்பட்ட கதை இல்லை. முன்பொரு சுற்றிவளைப்பில் அவருடைய தம்பியை, ஆள் காட்டிக்கொடுக்கிற தலையாட்டியின் முன்னால் நிறுத்தினார்கள். தலைக்குச் சாக்கு போட்டு, கண் இரண்டுக்கும் ஓட்டை விட்டு இருத்தியிருந்த அந்த ஆள் ஒருமுறை தலையை ஆட்டியிருக்கிறான். தம்பி திரும்பி வரவேயில்லை. அப்படிப்பட்ட மனிதர் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது, தினமும் கேட்கிற என் குரலில், பெயரைச் சரியாக எழுது என்று கேட்டிருக்கிறார்.

நிர்வாகியிடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கதிரையில் சாய்ந்து கேட்டார்.

"வாகனத்தை நடு ரோட்டுல விட்டுட்டு ஓடுறவன் நல்லவனா இருப்பானா மிஸ்? மடியில கனம் இல்லாட்டி வழியில பயம் எதுக்கு? பொலிஸுக்கு எழுத்துல குடுக்கணும். அதுதான் நடைமுறை."

"எழுத்தில குடுத்தா உண்மையாவே அவர்ட பேர் லிஸ்டில ஏறும். நான் போய்க் கூட்டி வாறன். பின்னேரம் வரைக்கும் பொறுங்க."

"ரேடியோவுல கம்ப்யூட்டர் கதை பேசினது நீங்க. அது வெளிய தெரிஞ்சா லைசன்ஸ் போயிடும். தெரியுமா?"

"தெரியும். அதுக்கு அந்த மனிசன் பலியா?"

"சரி சரி. பின்னேரம் வரைக்கும் பார்க்கலாம்" என்றார். ஊசிபோல் குத்துவதற்கு மடியில் கனம் பற்றிய பழமொழி அவருக்குக் கிடைத்திருக்கிறது! மடியில் ஒரு கனமும் இல்லாதவர்கள்தான் எங்கள் வழிகளில் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தார்கள். அதைச் சொல்ல நேரமில்லாமல் வெளியே வந்தேன்.

நொயல் வண்டி எடுக்க முதலில் மறுத்தான். பிறகு, "என்னைப் புது டிரைவர் எண்டு ஆரும் சொல்லப்படாது, அப்பதான் வருவன்" என்று நிபந்தனை போட்டு ஏறினான். ஏறாவூர் தாண்டி, செங்கலடி தாண்டிப் போனோம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏறினோம். என் பையில் மடிக்கணினி இருந்தது.

அவருடைய வீட்டு வாசலில் மனைவி நின்றார். எங்கள் வண்டியைக் கண்டதும் படலையைச் சாத்தப் பார்த்தார்.

"அவர் இல்ல. எங்க போனார் எண்டும் தெரியா."

"நான் அலுவலகத்தில இருந்து வாறன், கணினி பார்க்கிற மிஸ்."

"தெரியும். அவர் சொல்லிற்றுத்தான் போனார். நீங்கதானே அவர்ட பேரைப் பிழையில்லாம எழுதச் சொன்ன?"

இருபது வருடமாக எத்தனையோ பேர் என்னை ஏசியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் கேள்வியைப் போல ஒன்றும் என்னைச் சுட்டதில்லை. நான் படலைக்கு வெளியே நின்றபடி கணினிக்குள் இருக்கிற டிரைவரைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரக் கதையாகத் தெரிந்தது. அவரும் நம்பவில்லை. நொயல்தான் கிட்டப் போய், "அக்கா, என்ட ஜேசு மேல ஆணையாச் சொல்றன். மிஸ் அவரை ஒண்டும் செய்யல்ல. வாய்தான் பிழைச்சிற்று" என்றான். அவனுடைய சத்தியத்தை அவர் நம்பினார். வயலுக்குப் போகிற வரம்பைக் கையால் காட்டினார்.

வயல் வட்டையின் நடுவில், காவலுக்குக் கட்டியிருந்த வாடிக் குடிசைக்குள் தம்பிராசா அண்ணன் குந்தியிருந்தார். ஓடவில்லை. "வாங்க மிஸ். ஆரைக் கூட்டி வந்திருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்.

நான் மடிக்கணினியைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். பர்ஸானாவின் கணினியில் எழுதச் சொன்ன அதே வரி என்னுடையதிலும் இருந்தது. "இதுதான் அண்ணன் பிளாக்லிஸ்ட். வாசிச்சுப் பாருங்க. உங்கட பேர் இருக்கா?" அவர் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பார்த்தார். ஐந்தாறு எழுத்தும் இரண்டு மூன்று இலக்கமும் சேர்ந்த ஏதோ ஒரு பெயர். மனிதர் வைக்கிற பெயர் இல்லை.

"இதுவும் டிரைவரா?"

"ஓம். கார்டை ஓட்டுற டிரைவர்."

"இது என்ன பிழை செஞ்சது மிஸ்?"

"ஒரு பிழையும் செய்யல்ல அண்ணன். ரெண்டு டிரைவர் ஒரு கார்டைப் பிடிக்க ஏலா. அதால ஒண்டை நிப்பாட்டினோம்."

அவர் கணினியை மூடி என்னிடம் தந்தார். "பிழை செய்யாததை லிஸ்டில போடுறது உங்கட மெசினிலயும் இருக்குதா? மறுகா என்னத்துக்கு மிஸ் என்னைப் பயப்பிடாத எண்டுறீங்க? என்ட தம்பி மட்டும் என்ன பிழை செஞ்சான்?"

  எனக்குக் கோபம்தான் வந்தது. எந்த ஊரில் எந்தக் குளிரூட்டி அறையில் இருந்த எவன் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தான்? ஒரு டிரைவரை ஏற்றாமல் விடுவதற்கு 'நிறுத்து' போதாதா, 'தவிர்' போதாதா? தன் பெயரோ தன் தம்பியின் பெயரோ ஒரு பட்டியலில் ஏறிவிடுமோ என்று ஒருநாள்கூடப் பயந்திராதவனுக்குத்தான் அந்தச் சொல் விளையாட்டுப் பொருள்.

"எனக்கு விளங்கிற்று மிஸ்" என்றார் தம்பிராசா அண்ணன். "காலமை கேட்டுக்கிட்டு இருந்த மற்றாக்களுக்கு ஆரு விளங்கப்படுத்துற? நான் லிஸ்டில ஏறினவன் எண்டு ஆரும் நினைச்சாலே போதுமே. மறுகா எவனும் வந்து முடிச்சிற்றுப் போவான், கேட்க நாதியில்ல."

உங்களுக்கு நான் சொல்ல வந்த பாடம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எந்த வழியால் பிழை போனதோ, அந்த வழியால்தான் திருத்தமும் போகவேண்டும். ரேடியோவில் சொன்னதை வாடிக்குள் வந்து காதோடு திருத்தினால் அது திருத்தம் இல்லை, உங்கள் மனச்சாட்சிக்கு எண்ணெய் பூசுகிற வேலை.

ஆனால் யோசிக்காமல் செய்தேன் என்று எண்ணாதீர்கள். நிர்வாகி சொன்னதிலும் ஒரு பாதி உண்மை இருந்தது. திரும்பவும் பேசி, இரண்டாம் முறையும் விதியை மீறி, ரேடியோ அனுமதி பறிபோனால் அலையில்லாத நாட்களில் எங்கள் வண்டிகள் வாயில்லாமல் ஓடவேண்டும். முகாமில் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்தால் பர்ஸானா யாரைக் கூப்பிடுவாள்? தம்பிராசா அண்ணனையும் கூட்டிக்கொண்டு வரம்பு வழியே நடந்து வரும்போது முழுக்க இதையே போட்டு உருட்டினேன். ரேடியோ போனால் நாங்கள் போராடித் திரும்ப வாங்கலாம், இந்த மனிதர் போனால் திரும்ப வாங்க முடியாது. கணக்கு அவ்வளவுதான். உங்களுக்கும் நெருக்கடி வரும்போது, எது போனால் திரும்ப வரும், எது வராது என்று மட்டும் பாருங்கள்.

கோயிலடியில் நாலாம் இலக்க வண்டிக்குக் காவலாக ஒரு பொலிஸ்காரர் நின்றார். அவருக்கு முன்னாலேயே கதவைத் திறந்து ஏறி, ரேடியோவை எடுத்தேன்.

"எல்லா வண்டிக்கும், எல்லா அலுவலகத்துக்கும், கேட்டுக்கிட்டு இருக்கிற எல்லாருக்கும். காலமை பழைய டிரைவர் எண்டு நான் சொன்னது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற ஒரு சாமானை. மனிசரை இல்ல. எங்கட டிரைவர்ட பேர் எந்த லிஸ்டிலயும் இல்ல. அவர் எங்கட ஆள், வேலையிலதான் இருக்கிறார்."

நிர்வாகியின் குரல் குறுக்கே பாய்ந்தது. "சேனலை விடுங்க மிஸ்! இது ஓர்டர்!"

"முடிச்சிற்று விடுறன். பிழையாச் சொன்னது நான், கணினி பார்க்கிற மிஸ். ஆருக்கும் சந்தேகம் இருந்தா என்னட்ட வாங்க. டிரைவர்ட்டப் போகாதீங்க. ஓவர்."

 பிறகு ரேடியோவில் பர்ஸானா வந்தாள். அழுதுகொண்டிருந்தாள் என்று குரலிலே தெரிந்தது. "கேட்டாச்சு அக்கா. பேரை எழுதின நான்தான். கார்டை ஓட்டுற டிரைவர்ட பேரைத்தான் எழுதினேன். அல்லாஹ் அறிய வேற ஒண்டும் இல்ல. ஓவர்."

தம்பிராசா அண்ணன் என் கையிலிருந்து ரேடியோவை வாங்கினார். "நாலு பேசுறன். வண்டியில ஏறிற்றன். டவுனுக்கு வாறன்" என்றார்.  நொயல் எங்களுக்கு முன்னால் வண்டியை எடுத்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் உங்கள் வகுப்பில் கத்தியிருக்க மாட்டேன். சொல்லிச் சிரித்திருப்பேன்.

அலுவலகத்துக்கு வந்தபோது நிர்வாகி வாசலில் நின்றார். நான் அலுவலக வாசலைத் தாண்டிய கையோடு பொலிஸுக்கு எழுத்தில் கொடுத்துவிட்டாராம். பின்னேரம் வரைக்கும் பார்க்கலாம் என்று சொன்னவர் தேநீர் ஆறுகிற நேரம்கூடப் பொறுக்கவில்லை. டிரைவர் வாகனத்தை விட்டுவிட்டுத் தலைமறைவு, யாரோடும் தொடர்பு இருக்கலாம், எங்கள் நிறுவனத்துக்கு இதில் பொறுப்பில்லை. இதுதான் அவர் கொடுத்தது. இதோ ஆள் வந்து நிற்கிறார், திருப்பி வாங்குங்கள் என்று கத்தினேன். "குடுத்ததைத் திருப்பி வாங்குற நடைமுறை இல்ல மிஸ்" என்றார். ஏமாற்றுவதற்கு நடைமுறை இருந்தது, திருத்துவதற்குத்தான் இருக்கவில்லை! எனக்கு எச்சரிக்கையும் தந்தார். ரேடியோ அனுமதியைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பயம் முழுக்க அவருடைய சொந்தத் தயாரிப்பு.

தம்பிராசா அண்ணனை விசாரித்தார்கள். அடிக்கவில்லை, அதற்கு நன்றி சொல்லவேண்டிய நிலைமை எங்களுக்கு. ஆனால் ஒவ்வொரு கிழமையும் பொலிஸ் நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். நிர்வாகி இன்னும் பெரிய பதவி கிடைத்து வேறு நாட்டுக்குப் போனார். பிரியாவிடையில் நான் கேக் சாப்பிடவில்லை. தம்பிராசா அண்ணன் கையெழுத்துப் போட்டுக்கொண்டேயிருந்தார்.

பிறகு ஒருநாள் யுத்தம் முடிந்தது என்றார்கள். டவுனில் வெடி கொளுத்துகிற சத்தம் கேட்டது. மறுநாள் தம்பிராசா அண்ணன் என் அறைக்கு வந்து கதிரையின் விளிம்பில் இருந்தார்.

"மிஸ், உங்கட மெசின்ல லிஸ்டில போட்ட பேரை எப்பிடி எடுக்கிற?"

"லேசு அண்ணன். அந்த வரியை அழிக்கணும். மறுகா மெசினை ஒருக்கா நிப்பாட்டித் திரும்பப் போடணும்."

"நிப்பாட்டித் திரும்பப் போட்டாச்சு எண்டுதானே நேத்து முழுக்க வெடி கொளுத்தின? வரியை அழிக்கத்தான் ஆள் இல்ல போல."

அந்தக் கிழமை அவரோடு நானும் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் புதிதாக மாற்றலாகி வந்தவர், இளம் ஆள், மரியாதையாகத்தான் பேசினார். இவர் எதற்காகக் கையெழுத்துப் போட வருகிறார் என்று என்னிடமே கேட்டார். நான் அதைத்தான் உங்களிடம் கேட்க வந்தேன் என்றேன். உள்ளே போய் ஒருவரிடம் கேட்டார், அவர் இன்னொருவரிடம் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து, பேனையின் மூடியைக் கழற்றி, தம்பிராசா அண்ணனிடம் நீட்டினார்.